230 வருதே... அப்புறம் என்ன?

மல்டிமீட்டர் வாங்கியாச்சா பாஸ்? ரிச்சி ஸ்ட்ரீட்ல பேரம் பேசி வாங்கின கையோட, ரூம்ல கண்ணுல பட்டதை எல்லாம் அளந்து பார்த்திருப்பீங்களே! ப்ளக் பாயிண்ட் 228. ஃப்ரெண்டோட பைக் பேட்டரி 12.5. 'அட, எல்லாம் சூப்பரா வருது'ன்னு மூடி வெச்சிருப்பீங்க. மீட்டர் பொய் சொல்லாதுங்க. ஆனா கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். வைவாவுல நாம பண்ற மாதிரியேதான்!

திண்டுக்கல்ல எங்க மாமா ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வெச்சிருந்தார். லீவு விட்டா எனக்கு அங்கதான் டியூட்டி. ஒருநாள் ஒரு டாக்ஸியைத் தள்ளிக்கிட்டு வந்தாங்க. டிரைவர் முகத்துல ஈயாடலை. வேற ஒரு இடத்துல பேட்டரியை அளந்துட்டு, '12.5 இருக்கு, பேட்டரி நல்லாத்தான் இருக்கு. ஸ்டார்ட்டர் மோட்டார்தான் அவுட்'னு சொல்லி அனுப்பியிருக்காங்க. மோட்டார் மாத்தணும்னா அவரோட பல நாள் வருமானம் காலி.

மாமா பதட்டமே படலை. "மாப்ள, மீட்டரை அப்படியே புடி. அண்ணே, நீங்க சாவியைத் திருப்புங்க"ன்னார். டிக்குன்னு ஒரு சத்தம். 12.5-ல நின்ன எண் சரசரன்னு இறங்கி 7-க்கு வந்துடுச்சு. கடையில இருந்த நல்ல பேட்டரியை கேபிள் போட்டு இணைச்சதும், அதே மோட்டார் ஒரே திருப்புல இன்ஜினைக் கிளப்பிடுச்சு! "சும்மா நிக்கும்போது எல்லாரும் பயில்வான்தான்டா. மூட்டையைத் தூக்கச் சொல்லிப் பாரு, தெரியும்" - இது மாமாவோட விளக்கம். எங்க காலேஜ் புக்குல இதையே 'இன்டர்னல் ரெசிஸ்டன்ஸ்'னு ரெண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தாங்க.

கார் பேட்டரிக்குள்ள 6 செல் வரிசையா இருக்கு. ஒவ்வொண்ணும் சுமார் 2.1 வோல்ட். அதனாலதான் 12 வோல்ட்னு பேர் வெச்சதுல ஃபுல் சார்ஜ்ல 12.6 காட்டுது. 12.2-ன்னா ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழ போயிட்டா கிட்டத்தட்ட காலி. வண்டியை நிறுத்தினதும் அளக்காதீங்க, சில மணி நேரம் கழிச்சு அளங்க. இல்லைன்னா கொஞ்சம் கூடுதலா காட்டி ஏமாத்தும். இன்ஜின் ஓடும்போது 13.8-ல இருந்து 14.4 வரைக்கும் வந்தா ஆல்டர்னேட்டர் ஒழுங்கா சார்ஜ் பண்ணுதுன்னு அர்த்தம். ஆனா கடைசி தீர்ப்பு, சாவியைத் திருப்பும்போதுதான். ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல இழுக்கும். அந்த நேரத்துல 9.6-க்குக் கீழ விழாம நின்னா நம்பலாம். மீட்டர் இழுக்கிற கரண்ட்டோ ஒரு கொசுக்கடி அளவுகூட இல்லை. கொசு கடிச்சு யாராவது விழுவாங்களா என்ன?

'12 வோல்ட்தானே'ன்னு அலட்சியமும் வேண்டாம். காய்ஞ்ச தோலுக்கு அது ஷாக் அடிக்காது. ஆனா ஸ்பேனர் தவறி ரெண்டு டெர்மினலுக்கும் நடுவுல விழுந்தா நூத்துக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு பழுத்துடும். மாமா மோதிரத்தைக் கழட்டி சட்டைப் பையில போட்டுக்காம பேட்டரி பக்கமே போகமாட்டார்.

இப்ப ரூமுக்கு வருவோம். இங்கே உயிர் மேட்டர், அதனால கொஞ்சம் மெதுவாவே படிங்க. சிவப்பு ஒயர் 10 ஆம்பியர் ஓட்டையில இருக்கும்போது ப்ளக் பாயிண்ட்ல விட்டீங்கன்னா நேரா ஷார்ட் சர்க்யூட்தான். மீட்டரை டி.சி.யில வெச்சு அளந்தா 0-வை ஒட்டித்தான் காட்டும். 'கரண்ட் இல்லை'ன்னு கையை வெச்சுடாதீங்க. நொடிக்கு 50 தடவை பிளஸ் 325-க்கும் மைனஸ் 325-க்கும் ஊஞ்சலாடுற சமாச்சாரம் அது. சராசரி எடுத்தா பூஜ்யம், தொட்டா பூஜ்யம் இல்லை! நாம சொல்ற 230, அந்த ஊஞ்சலோட ஆர்.எம்.எஸ். கணக்கு.

திருவல்லிக்கேணியில ஒரு மேன்ஷன்ல நாலு பேரா தங்கியிருந்தோம். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டா 'சுருக்'குங்கும். அயர்ன் பாக்ஸ் பிடிச்சாலும் லேசா விறுவிறுப்பு. ஓனர்கிட்ட சொன்னோம். மீட்டரோட ஒருத்தரைக் கூட்டிட்டு வந்தார். மூணு ஓட்டைல கீழ இருக்கிற ரெண்டுல வெச்சுப் பார்த்துட்டு, "230 வருதே தம்பி... அப்புறம் என்ன?"ன்னு கிளம்பிட்டாங்க.

வோல்டேஜ்ங்கிறது எப்பவுமே ரெண்டு இடத்துக்கு நடுவுல இருக்கிற வித்தியாசம். அவங்க கேட்டது பேஸ்-நியூட்ரல் கேள்வி. எங்களுக்குத் தேவைப்பட்டது மேல இருக்கிற பெரிய ஓட்டையோட பதில். வலது பக்க பேஸுக்கும் மேல இருக்கிற எர்த்துக்கும் நடுவுல நான் அளந்தப்ப 60, 70-னு எண் டான்ஸ் ஆடுச்சு. அங்கேயும் கிட்டத்தட்ட 230 வரணும். எர்த் ஒயர் எங்கேயோ அறுந்து கிடக்கு. பக்கத்துல ஓடுற ஒயர்களால அதுல ஒரு பேய் வோல்டேஜ் ஒட்டிக்கிட்டிருக்கு, அவ்வளவுதான். கேபினெட் 'சுருக்'குக்கும் காரணம் அதேதான். கம்ப்யூட்டர் பவர் சப்ளையில பேஸுக்கும் பாடிக்கும் ஒரு குட்டி கபாசிட்டர், நியூட்ரலுக்கும் பாடிக்கும் இன்னொண்ணு. எர்த் இல்லைன்னா பாடி நடுவுல மாட்டிக்கிட்டு பாதி வோல்டேஜ்ல, அதாவது 115-ஐ ஒட்டி மிதக்கும். அதுல வர்ற கரண்ட் ரொம்பக் கம்மி, ஆளைக் கொல்லாது. ஆனா அதே ப்ளக்ல ஒருநாள் அயர்ன் பாக்ஸோட உள் ஒயர் தேய்ஞ்சு பாடியைத் தொட்டா? ஃப்யூஸ் போகாது, எதுவும் போகாது. 230-ம் கைப்பிடிக்குக் கீழ காத்துக்கிட்டிருக்கும். அங்கே 30 மில்லி ஆம்பியர்ல ட்ரிப் ஆகிற ஆர்.சி.சி.பி.யும் இல்லை.

திரும்பத் திரும்ப நச்சரிச்சதுல அதே ஆள் வந்து 'எர்த் போட்டாச்சு'ன்னு சொல்லிட்டுப் போனார். அளந்தேன். பேஸ்-எர்த் 229. நியூட்ரல்-எர்த் 0.0. ஓனர் முகத்துல அப்படி ஒரு சிரிப்பு!

எனக்கு அந்த 0.0-தான் உறுத்துச்சு. பக்கத்து சாக்கெட்ல அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு மறுபடியும் பார்த்தேன். அப்பவும் 0.0. நியூட்ரல் ஒயர்ல 4 ஆம்பியர் ஓடும்போது அதோட நீளத்துல ஒண்ணு ரெண்டு வோல்ட்டாவது விழணுமே! மாமாவோட மூட்டை ஞாபகம் வருதா? மெயினை அணைச்சுட்டு போர்டைத் திறக்க வெச்சோம். நியூட்ரல்ல இருந்து எர்த் பின்னுக்கு ஒரு சாண்கூட இல்லாத ஒயரை லூப் பண்ணியிருந்தார் மனுஷன்.

மீட்டருக்கு அது அற்புதமான எர்த். நிஜத்துல, எர்த்தே இல்லாம இருந்ததைவிட மோசம். என்னைக்காவது வழியில நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா, ஆன்ல இருக்கிற ஏதாவது ஒரு பல்ப் வழியா பேஸ் திரும்பி வந்து, அந்த லூப் மூலமா கம்ப்யூட்டர், அயர்ன் பாக்ஸ், ஃப்ரிட்ஜ்னு எல்லா பாடிக்கும் ஏறிடும். எந்தச் சாதனமும் கெட்டுப்போயிருக்க வேண்டியதே இல்லை. உங்க ரூம்லயும் அளந்து பாருங்க. சரியில்லைன்னா லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க. எர்த்துக்கு பல்ப் போட்டுப் பார்க்கிற டெஸ்ட்டை நீங்களா பண்ணாதீங்க. அறுந்த எர்த்னா அந்த பல்ப் வழியாவே எல்லா பாடிக்கும் பேஸ் போயிடும்.

நாங்க நாலு பேரும் வாடகையை நிறுத்தி வெச்சோம். பத்து நாள்ல வேற எலக்ட்ரீஷியன் வந்தார். மாடிப்படி மெயின் போர்டுல எர்த் ஒயர் பல வருஷமா வெட்டுப்பட்டு, மேல சுண்ணாம்பு அடிச்சுக் கிடந்துச்சு. லூப்பைப் பிடுங்கிட்டு, கீழ எர்த் பிட்ல இருந்து புதுசா ஒயர் இழுத்தார். அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு நியூட்ரல்-எர்த் அளந்தோம். 1.8. "என்னப்பா, முன்னாடி ஜீரோ வந்துச்சு, இப்ப ஏதோ வருதே?"ன்னு ஓனர் புலம்ப ஆரம்பிச்சார். நாங்க சட்டைகளை எடுத்து வரிசையா தேய்க்க ஆரம்பிச்சோம்.