ஆளுக்கோர் இழை



இங்கே அமெரிக்காவின் நியூஜெர்சியில் மேப்பிள் மரங்கள் இலை முழுவதையும் உதிர்த்துவிட்டன. நவம்பர் மாதத்து நான்காவது வியாழன் இந்த நாட்டுக்கு ‘தேங்க்ஸ்கிவிங்’. உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1863இல் ஆபிரகாம் லிங்கன் அதைத் தேசிய நாளாக அறிவித்தார். 1941இல் சட்டம் போட்டு நான்காவது வியாழக்கிழமையை உறுதி செய்தார்கள். அந்த வாரம் விமான நிலையங்களில் நிற்க இடமிருக்காது. படிக்கப் போன பிள்ளைகளும் வேலைக்குப் போன பிள்ளைகளும் பெற்றவர் வீடு தேடிப் போகிறார்கள்.

ஏறக்குறைய அதே கூதிர்காலத்தில்தான் எங்கள் புதுக்கோட்டைச் சீமையின் செட்டிநாட்டு ஊர்களில் ஓர் எண்ணிக்கை தொடங்கும். ராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, குழிபிறை, விராச்சிலை என்று எந்த ஊர் நகரத்தார் வீட்டுக்குப் போனாலும் திருக்கார்த்திகை முடிந்த கையோடு பிள்ளையார் நோன்புக்கு நாள் எண்ணுவார்கள். புது வேட்டியிலிருந்து நாளுக்கு ஒரு நூலாக 21 நூல் சேர வேண்டும்.

இந்த 21இல் ஒரு வானக்கணக்கு இருக்கிறது. கார்த்திகை நட்சத்திரத்தைத் தாண்டி 21ஆவதாக வருவது சதயம். பௌர்ணமியைத் தாண்டி 21ஆவது திதி வளர்பிறைச் சஷ்டி. கார்த்திகை மாதத்தில் நட்சத்திரமும் பௌர்ணமியும் ஒட்டி வருவதால், மூன்று வாரம் கழித்துச் சஷ்டியும் சதயமும் ஒட்டி வருகின்றன. அந்த மாலைதான் நோன்பு. பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாத எங்கள் அப்பத்தா, நூலை எண்ணியே நாளைச் சொல்லிவிடுவார்கள்.

அன்று நடுவீட்டுக் கோலமிட்டுக் குத்துவிளக்கு ஏற்றுவார்கள். ஆவாரம்பூ, நெற்கதிர், பொரி வகைகள், பணியாரம் எல்லாம் பிள்ளையார் முன்னால் இருக்கும். பச்சரிசி மாவில் வெல்லமும் நெய்யும் சேர்த்துப் பிசைந்ததுதான் இழைமாவு. அதைச் சின்னப் பிள்ளையாராகப் பிடித்து, 21 நூலையும் சேர்த்துத் திரித்த திரியை நெய்யில் தோய்த்து உச்சியில் வைப்பார்கள். வீட்டில் மூத்தவர் அதை ஏற்றிக் கொடுக்க, சுடர் எரியும்போதே வாங்கி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். இதற்கு ‘இழை எடுத்துக்கொள்வது’ என்று பெயர். முதல் முறை எடுத்துக்கொள்ளும் பிள்ளை பயந்து பின்வாங்கும். “சுடாது ஆத்தா, தயங்காமப் போட்டுக்க” என்பார்கள் அப்பத்தா. உண்மையிலேயே சுடாது. வாயை மூடியதும் சுடர் அணைந்துவிடும். நெய்யும் வெல்லமும்தான் நாக்கில் நிற்கும்.

இந்த நோன்பு கடலில் பிறந்தது என்று எங்கள் பெரியவர்கள் கதை சொல்வார்கள். வணிகம் செய்யப் போன நகரத்தார் புயலில் சிக்கிக் கரை தெரியாமல் தவித்தார்களாம். பிள்ளையாரை நினைத்து நாளுக்கு ஒரு நூலாக எடுத்து வைத்து எண்ணினார்களாம். கரை சேர்ந்த நாளில், கையிலிருந்த மாவில் அந்த நூலைத் திரித்து வைத்து விளக்கேற்றி வழிபட்டார்களாம். வீட்டை விட்டு வெகுதூரம் போனவர்களுக்கென்றே ஏற்பட்ட வழிபாடு இது என்று நான் நம்புகிறேன். பர்மா, மலேயா, இலங்கை, சைகோன் என்று எங்கள் ஐயாக்கள் போனபோது பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கில் தனியாகத்தான் போனார்கள். ஆத்தாக்களும் ஆச்சிகளும் ஊரிலேயே இருந்து வீட்டை நடத்தினார்கள். வீட்டில் இல்லாதவர்களையும் சேர்த்து எண்ணும் பழக்கம் அந்தக் காலத்திலேயே எங்களுக்குப் படிந்துவிட்டது.

குடும்பம் என்றால் ஒரே அடுப்பில் பொங்கி ஒன்றாக உண்பது என்று பலர் சொல்வார்கள். எங்கள் வீடுகள் அப்படி இருந்ததில்லை. வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள்; மகனுக்குக் கல்யாணமானால் ஓர் அறை கொடுத்து, வருடத்துக்கு இவ்வளவு நெல், இவ்வளவு பணம் என்று கணக்கிட்டுத் தனியே சமைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இதை ‘வேறு வைப்பது’ என்போம். 1909இல் தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி எழுதிய எட்கர் தர்ஸ்டன், ஒரே கூரையின் கீழ் இத்தனை அடுப்பா என்று வியக்கும்படி இதைப் பதிவு செய்திருக்கிறார். அடுப்பு பிரிந்ததால் உறவு பிரியவில்லை. கடன், கணக்கு, சமையல் எல்லாம் தனித்தனியாக நடந்தன. நல்லது கெட்டதுக்கு வளவு நிரம்பியது. ஆகவே, பிள்ளைகள் தனிக்குடித்தனம் போனதால் குடும்பம் உடைந்தது என்று புலம்புவதை நான் ஏற்பதில்லை.

யார் யார் நம்மவர் என்று கணக்கிட எங்களிடம் இரண்டு வகை எண்ணிக்கை உண்டு. முதலாவது கோயில் கணக்கு. இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவர்கள் நாங்கள். கல்யாணமான தம்பதி அங்கே ஒரு ‘புள்ளி’. புள்ளிக்கு இவ்வளவு என்று வரி கட்டுகிறோம். கணவனை இழந்தவர் அரைப்புள்ளி. கல்யாணமாகாதவருக்குப் புள்ளி கிடையாது. மகள் கல்யாணமாகிப் போனால் கணவர் வீட்டுப் புள்ளியில் சேர்ந்துவிடுவாள். இத்தனை ஊர்களில் சிதறிய ஒரு சமூகத்தைத் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்திருப்பது இந்தக் கணக்குதான். அதை மதிக்கிறேன்.

இரண்டாவது நோன்புக் கணக்கு. இதில் தலைக்கு ஓர் இழை. கல்யாணமாகாத அத்தைக்கும், துணையை இழந்த ஆயாவுக்கும், பள்ளிக்கூடம் போகும் பெண்ணுக்கும் ஒவ்வொரு முழு இழை. அரை இழை என்று ஒன்று கிடையாது. கருவுற்ற பெண் இரண்டு இழை எடுத்துக்கொள்வாள். ஒன்று அவளுக்கு, இன்னொன்று வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு. பெயரும் முகமும் வருவதற்கு முன்பே அந்தப் பிள்ளையை ஒரு தலையாக எண்ணிவிடுகிறார்கள். குடும்பத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. நம்மையும் சேர்த்து எண்ணி மாவு பிசைகிறவர்கள் எவரோ, அவர்களே நம் குடும்பம்.

நியூஜெர்சியில் என் மகள் கருவுற்றிருந்தபோது இரண்டு இழை எடுத்துக்கொண்டாள். அவள் கணவர் லூதியானாவில் பிறந்தவர். எந்தக் கோயிலிலும் அவருக்குப் புள்ளி இல்லை. அவருக்கும் ஓர் இழை பிடித்தேன். சுடரைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார். பிறகு கை நீட்டி வாங்கிக்கொண்டார். “வழக்கம் கெட்டுவிடாதா?” என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். ஒருவரைச் சேர்த்து எண்ணுவதால் வழக்கம் கெடுவதில்லை என்று பதில் சொன்னேன். எண்ணத் தகுந்தவரை விட்டுவிடுவதால்தான் அது கெடும்.

வெளிநாடுகளில் நோன்பு பெரும்பாலும் கூடத்திலோ கோயிலிலோ பொதுவாக நடக்கிறது. வார நாளில் வந்தால் அலுவலகத்திலிருந்து நேராக வந்து நிற்கிறார்கள். ஆவாரம்பூ கிடைக்காது, கிடைத்த மஞ்சள் பூவை வைத்துக்கொள்கிறோம். பெற்றோர் ஊரில் இருப்பதால், கூட்டத்தில் மூத்தவர் யாரோ அவர் கையால் இழை வாங்கிக்கொள்கிறார்கள் இளைஞர்கள். இரத்த உறவு இல்லாத கை, ஆனால் அவர்களுக்கும் சேர்த்து மாவு பிசைந்த கை.

புதுக்கோட்டைப் பக்கம் இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளில் ஓர் அறையில் மட்டும் விளக்கெரிய, தனியே இருக்கும் ஆச்சிமார் பலர். அவர்கள் பிள்ளைகள் எங்களைப் போல் எங்கோ இருக்கிறார்கள். இந்த ஆண்டு நோன்புக்கு மாவு பிசையும்போது அவர்களையும் ஒரு தலையாக எண்ணுங்கள். நாங்களும் இங்கே, ஊருக்குப் போக முடியாத மாணவர்களைக் கூப்பிட்டு வைத்து எண்ணிக்கொள்கிறோம். நோன்பு இல்லாத வீட்டாருக்கும் இது பொருந்தும். தீபாவளிப் பலகாரமானாலும் பொங்கல் பானையானாலும், அடுப்பை மூட்டும் முன் யாரை விட்டுவிட்டோம் என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

அன்புடன்,
நியூஜெர்சியிலிருந்து உங்கள் ராயவரத்துப் பெண்