ஆராய்ச்சிக்கூடமும் நம்ம பிள்ளைகளும்

நான் படித்த கல்லூரியில் வேதியியல் கூடத்துக் குடுவைகளைக் கழுவியவர் எங்க தெருக்காரர். எனக்குப் பெரியப்பா முறை. முப்பது வருசம் கழுவினார். அவர் கழுவிக் கொடுத்த குடுவையில் சோதனை செய்து டாக்டர் பட்டம் வாங்கியவர்களில் எங்க தெருப் பிள்ளை ஒண்ணுகூட இல்லை. அறிவியலுக்குச் சாதி இல்லையாம்!

இப்போது எங்க மாலைப் பள்ளியில் படித்த பெண்ணொருத்தி எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுக் கேட்கிறாள்: "அண்ணே, மேல படிக்கவா, பி.எட். போயிரவா?" அம்மா சித்தாள். கீழே இரண்டு தங்கச்சிகள். நான் தமிழ் படித்தவன். நாலு பேரை விசாரித்துத்தான் சொன்னேன்.

"வழி இருக்கும்மா. சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். வாங்கிட்டா, முதல் ரெண்டு வருசம் மாசம் 37,000 ரூபா. அப்புறம் 42,000. 2023 சனவரியிலிருந்து இதுதான் கணக்கு. பட்டியல் சாதிப் பிள்ளைகளுக்குன்னு தனி தேசிய உதவித்தொகையும் இருக்கு."

சொல்லிவிட்டேன். ஆனால் காகிதத்தில் இருக்கிற பணம் மாசம் பிறந்தால் கைக்கு வரவேண்டுமே? ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ரோகித் வெமுலா, கார்ல் சேகனைப்போல அறிவியல் எழுத்தாளராக ஆசைப்பட்டவர். 2016 சனவரி 17 அன்று உயிரை விட்டார். தனக்கு வரவேண்டிய ஏழு மாத உதவித்தொகை 1,75,000 ரூபாயைக் குடும்பத்துக்குச் சேர்த்துவிடுங்கள் என்று கடைசிக் கடிதத்தில் எழுதிவைத்தார். வசதியான வீட்டுப் பிள்ளைக்கு ஏழு மாசம் தாமதம். நமக்கு அது பட்டினி, வட்டிக்கடன்.

பட்டம் வாங்கிவிட்டால்? மத்தியக் கல்வி நிறுவனங்களில் ஆசிரியர் பணி இட ஒதுக்கீட்டுக்கு 2019இல் சட்டம் வந்தது. அதே சட்டம் ஒரு பட்டியல் போட்டு, சில நிறுவனங்களுக்கு விலக்கும் கொடுத்தது. மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் அதில் இருக்கிறது. கல்பாக்கம் இந்திராகாந்தி அணு ஆராய்ச்சி மையமும் சென்னைக் கணித அறிவியல் நிறுவனமும் இருக்கின்றன. 'தரம்' என்கிறார்கள். நாம் நுழைந்தால் தரம் போய்விடும் என்று எந்தச் சோதனைக்கூடத்தில் கண்டுபிடித்தார்கள்?

அந்தப் பெண் நெட் தேர்வுக்குப் படிக்கிறாள். அது அவள் பாடு. உதவித்தொகை முதல் தேதியில் வந்து சேரவும், அந்த விலக்குப் பட்டியல் ஒழியவும் கேட்பது நம் எல்லோருடைய பாடு. படித்துப் பிழைத்துக்கொள் என்று பிள்ளையைத் தனியாக அனுப்பிவிட்டு நாம் திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது.