பெயின்ட்டுக்கு அடியில் இருக்கும் மரம்

மெல்லிசைக் கச்சேரியில் பாடகர் முகம் எல்லோருக்கும் தெரியும். கீபோர்டுக்காரர் விரல் தெரியும். ட்ரம்ஸ் பக்கத்தில் நான்கு தந்திக் கிட்டாரை மாட்டிக்கொண்டு ஒருவர் நிற்பாரே, அவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் பாதிப் பாட்டில் கையை எடுத்துவிட்டால், உட்கார்ந்திருக்கும்போது அடியிலிருந்து பாயை உருவினாற்போல் இருக்கும். அதுதான் பேஸ் கிட்டார். இளையராஜா பாட்டுகள் வந்த பிறகுதான் நம்மில் பலருக்கு அப்படி ஒரு வாத்தியம் இருப்பதே காதில் விழுந்தது.

பொன்மலை ரயில்வே பட்டறையில் மரவேலைப் பிரிவில் நான் 34 வருடம் இருந்தேன். சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் ரிதம் கிட்டார் வாசித்தேன். இரண்டும் தெரிந்தவன் என்பதால் குழுக்காரர்கள் உடைந்ததையும் பிய்ந்ததையும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். அப்படித் திறந்து பார்த்துப் பழகியதையும், படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இன்று எழுதுகிறேன்.

நம் ஊரில் வீணை வாங்கப் போனால் முதல் கேள்வியே, "ஏகாண்டமா, ஒட்டா?" என்பதுதான். ஒரே பலாக்கட்டையில் குடைந்தது ஏகாண்ட வீணை. குடம், தண்டி என்று தனித்தனியாகச் செய்து சேர்த்தது ஒட்டு வீணை. ஏகாண்டத்துக்குத் தனி மதிப்பு, தனி விலை. அந்தப் பழக்கத்தில் பேஸ் கிட்டாரைப் பார்த்தாலும், பளபளப்புக்குள்ளே ஒரே கனத்த கட்டை இருப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அப்படி இல்லை.

லியோ ஃபெண்டர் என்பவர் ரேடியோ ரிப்பேர் செய்துகொண்டிருந்தவர். அவருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. கலிஃபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற ஊரில் பட்டறை வைத்து, 1951-ல் 'பிரிசிஷன் பேஸ்' என்ற வாத்தியத்தைக் கொண்டுவந்தார். உடம்பு ஆஷ் மரம், கழுத்து மேப்பிள். கழுத்தை உடம்போடு நான்கு திருகாணியில் முடுக்கிவிட்டார். நாற்காலி, மேஜை செய்கிற முறை அது.

ஆஷ் மரத்துக்குப் பெரிய துவாரங்கள் உண்டு. நம் தேக்கைப் போல, மழமழவென்று வர வேண்டுமானால் பட்டி போட்டு அடைத்து உப்புத்தாள் தேய்க்க வேண்டும். 1956 வாக்கில் அவர்கள் ஆல்டர் என்ற மரத்துக்கு மாறினார்கள். அதில் துவாரம் சிறிது, வேலை குறைவு. ரேகை அழகான ஆஷ் பலகையை, மரம் தெரியும்படி வெளிர் மஞ்சள் பூசும் வாத்தியங்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். மற்றவற்றில் இரண்டு, மூன்று, சில சமயம் அதற்கு மேலும் துண்டுகளை ஒட்டி ஒரு பலகையாக்கி, அதிலிருந்து வடிவத்தை வெட்டினார்கள். துண்டுக்குத் துண்டு நிறம் மாறும், ரேகை மாறும். அதன் மேல் பெயின்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

'சன்பர்ஸ்ட்' என்று ஒரு பூச்சு உண்டு. நடுவில் மஞ்சள், ஓரத்துக்குப் போகப் போகக் கறுப்பு. அழகுதான். ஆனால் விளிம்பில் தெரியும் ஒட்டுகளை அந்தக் கறுப்பு கச்சிதமாக மூடிவிடுகிறது என்பதை மரவேலைக்காரன் கண் உடனே பிடித்துவிடும். தனி நிறம் கேட்டவர்களுக்குக் கார் பெயின்ட்டையே அடித்துக் கொடுத்தார்கள். 'ஃபியஸ்டா ரெட்' என்ற சிவப்பு, ஃபோர்டு கம்பெனியின் தண்டர்பேர்டு காருக்கு அடித்த நிறம். அந்தக் கால வாத்தியங்களில் மேல் நிறத்தைச் சுரண்டியபோது, அடியில் முழுதாக முடித்த சன்பர்ஸ்ட் இருந்ததையும் பழுது பார்ப்பவர்கள் கண்டிருக்கிறார்கள்.

கழுத்திலும் ஒரு ரகசியம் உண்டு. தந்திகளின் இழுப்பில் மேப்பிள் கழுத்து வில்லாக வளைந்துவிடாமல் இருக்க உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது. பின்பக்கமாகக் காடி வெட்டிக் கம்பியை வைத்து, மேலே வால்நட் மரச் சட்டம் ஒன்றை ஒட்டி மூடினார்கள். பழைய பேஸ்களின் கழுத்துக்குப் பின்னால் ஒரு கருங்கோடு தெரியுமே, பலர் அதை அலங்காரம் என்று நினைப்பார்கள். அது மூடி.

இன்னும் மலிவாகச் செய்தவர்களும் உண்டு. டேன்எலெக்ட்ரோ என்ற அமெரிக்கக் கம்பெனி, மரச்சட்டத்தின் மேலும் கீழும் மேசனைட் என்கிற ஹார்டுபோர்டை ஒட்டியே வாத்தியம் செய்தது. அலமாரிக்குப் பின்னால் அடிக்கிற அதே சரக்கு! அந்த வாத்தியங்களும் பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களுக்குள் போயின. 1990-களில் ஜப்பானில் ஃபெண்டர் பெயரில் வந்த சில வாத்தியங்களில், அழகான மர ரேகையைப் படமாக எடுத்துச் சாதாரண மரத்தின் மேல் ஒட்டி வார்னிஷ் அடித்தார்கள். மரத்தின் மேல் மரத்தின் புகைப்படம்.

இதையெல்லாம் நான் இப்போது சொல்லக் காரணம், போன வருடம் நடந்த ஒரு விஷயம்.

எங்கள் குழுவில் பேஸ் வாசித்த அண்ணன் காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அவருடைய மகன் அந்தக் கிட்டாரை ஒரு பழைய போர்வையில் சுற்றி என் வீட்டுக்கு எடுத்துவந்தான். 1982-ல் வெளிநாட்டுச் சாமான் விற்கும் ஒருவரிடம் 1800 ரூபாய்க்கு வாங்கியது. ஜப்பான் சரக்கு. அண்ணியின் மூன்று பவுன் சங்கிலியை அடகு வைத்துத்தான் பணம் கட்டினார். "ஒரே கட்டையில் செய்தது" என்று சொல்லி விற்றார்கள். அண்ணனும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது மகன் ஒரு கடையில் காட்டியபோது, "இது வெறும் ப்ளைவுட், ரெண்டாயிரத்துக்கு மேல போகாது" என்று சொல்லிவிட்டார்களாம். பெயின்ட்டைச் சுரண்டிப் பார்த்துவிடலாமா என்று கேட்க வந்திருந்தான்.

சுரண்ட வேண்டாம் என்றேன். முகப்புத் தகட்டின் திருகாணிகளைக் கழற்றினோம். உள்ளே குழிக்குக் கறுப்பு அடித்திருந்தார்கள். பேனாக்கத்தி முனையால் ஒரு விரல் அகலம் லேசாகச் சுரண்டினேன். வெளுப்பும் கருப்புமாக அடுக்குகள். எண்ணினோம், பதினொன்று. சந்தேகமே இல்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டான். "அப்போ அப்பா ஏமாந்துட்டாரா சித்தப்பா?"

நான் கழுத்தைப் பார்த்தேன். நல்ல மேப்பிள். நாற்பது வருடத்தில் கொஞ்சம்தான் வளைந்திருந்தது. உள்ளே இருக்கும் கம்பியைக் கால் சுற்று முடுக்கியதும் நிமிர்ந்துவிட்டது. புதுத் தந்தி போட்டு ஆம்ப்ளிஃபயரில் செருகினோம். கனத்த தந்தி நொடிக்கு 41 அதிர்வு. அதைத் தட்டியதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

இந்த வாத்தியத்தில் காந்தச் சுருள் பிடிப்பது இரும்புத் தந்தியின் அசைவைத்தான். வீணைக் குடம் போலவோ மிருதங்கக் கட்டை போலவோ மரம் நேரடியாகப் பாடுவதில்லை. மரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். கழுத்தின் விறைப்பு, கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தின் இறுக்கம், எடை எல்லாம் கணக்கில் வரும். ஆனால் ப்ளைவுட் என்ற சொல்லே வசவு ஆகிவிடாது. அடுக்குகளைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டுவதால் அது வெயிலுக்கும் மழைக்கும் அசையாது. அகலமான ஒற்றைப் பலகை கோணும், வெடிக்கும். ஒழுங்காக ஒட்டிய இடம் மரத்தைவிட உறுதி. பட்டறையில் தினமும் பார்த்தது இது.

இதைத்தான் அவனிடம் சொன்னேன். "விற்றவன் சொன்னது பொய்தான். ஆனா உங்கப்பா வாங்கினது சத்தம். அது இன்னும் இருக்கு."

அவன் தலையாட்டினான். ஆனாலும் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றான். நானே போய்ச் சொன்னேன். "அண்ணி, உள்ளே ப்ளைவுட்தான். ஒரே கட்டை இல்ல."

அண்ணி காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "அது என்ன மரமோ தம்பி, எனக்கென்ன தெரியும்? அந்த வருஷம் மாரியம்மன் கோயில் கச்சேரி, கல்யாணக் கச்சேரின்னு ஓயாம போனீங்களே, ஒன்பதே மாசத்துல என் சங்கிலியை மீட்டுக் குடுத்துட்டார். அந்தக் கிட்டார்தான் மீட்டுச்சு."

மகன் அதை விற்கவில்லை. சுரண்டவும் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால், உள்ளே என்ன மரம் என்று பார்க்க ஆசை வரலாம். உப்புத்தாளைத் தொடாதீர்கள். ப்ளைவுட்டைத் தேய்த்தால் முதல் அடுக்கு போய் அடுத்தது திட்டுத்திட்டாகத் தெரியும். நல்ல பழைய வாத்தியமாக இருந்தாலோ, அசல் பூச்சு போனால் விலையும் போய்விடும். முகப்புத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்துக் குழியின் சுவரைப் பாருங்கள். கழுத்தைக் கழற்ற முடிந்தால் அது உட்காரும் பள்ளத்தைப் பாருங்கள், அங்கே பெயின்ட் மெலிதாக இருக்கும். பார்த்துவிட்டு எல்லாத் திருகாணியையும் அதனதன் இடத்தில் முடுக்கிவிடுங்கள். பிறகு ஒரு தந்தியைத் தட்டிக் கேளுங்கள்.