நாற்றங்காலில் ஒரு பருவம்



நம் பள்ளத்தாக்கின் பிள்ளைகள் பிளஸ் டூ முடித்து வெளியூர்க் கல்லூரிகளில் சேரும் காலம் இது. இவ்வாண்டு நம் சபையின் மகள் ஒருத்தி சென்னையிலுள்ள ஓர் இசைக் கல்விக்கூடத்தில் சேர்ந்தாள். ஆலயத்தில் எட்டு ஆண்டுகள் கீபோர்டு வாசித்தவள். எந்தக் கீர்த்தனையையும் ஒருமுறை கேட்டாலே வாசித்துவிடுவாள். திராட்சைத் தோட்டத்து வருமானத்தோடு நகைக்கடனும் வாங்கித்தான் தகப்பனார் கட்டணம் செலுத்தினார்.

சேர்ந்த வாரத்திலேயே தகுதித் தேர்வு நடந்தது. ஐந்து கோடுகளில் எழுதப்பட்ட இசைக்குறிப்பை அவளால் வாசிக்க இயலவில்லை. ஆகவே அடிப்படை வகுப்பில் அமர்த்தினார்கள். அன்றிரவு தொலைபேசியில் அழுதாள். "ஐயா, சின்னப் பிள்ளைங்களோட உட்கார வச்சிருக்காங்க. அப்பாகிட்ட என்ன சொல்லுவேன்? திரும்பி வந்துடவா?"

பண்ணைப்புரத்தை அவளுக்கு நினைவூட்டினேன். 1943-இல் அங்கே பிறந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராஜனின் கச்சேரிக் குழுவோடு பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று வாசித்தவர். மேடை அவருக்குப் புதிதன்று. ஆயினும் 1968-இல் சென்னைக்குச் சென்றபின், தன்ராஜ் மாஸ்டரிடம் மாணவராக அமர்ந்து மேற்கத்திய இசையைக் கற்றார். இலண்டன் டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிட்டார் தேர்வையும் எழுதித் தேறினார். 'அன்னக்கிளி' வெளிவந்தது 1976-இல். 2025 மார்ச் 8 அன்று அவரது சிம்பொனி இலண்டனில் அரங்கேறியது. கற்பிப்பவர் முன் அமர்ந்ததால் அவர் சிறுத்துப்போகவில்லை.

முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் வந்தவுடன் நாமும் நேரே வயலில் நடுவதில்லை. முதலில் நாற்றுப் பாவி, வேர் ஓடும்வரை பொறுத்திருக்கிறோம். நாற்றங்காலில் நிற்கும் பயிரைக் கண்டு எந்த விவசாயியும் வெட்கப்படுவதில்லை.

1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தை அவளோடு சேர்ந்து வாசித்தேன். தாவீதின் நாட்களில் ஆலயப் பாடகர்கள் ஆசாப், ஏமான், எதுத்தூன் என்னும் தலைவர்களின்கீழ்ப் பயிற்றுவிக்கப்பட்டார்கள். தேர்ச்சியடைந்தவர்கள் 288 பேர். பிரிவுக்குப் பன்னிருவராக 24 பிரிவுகள். ஊழிய முறையைத் தீர்மானிக்கச் சீட்டுப்போட்டபோது பெரியவன், சிறியவன், ஆசான், மாணாக்கன் என்று பார்க்கவில்லை. யாவருக்கும் ஒரே சீட்டு. கற்பதற்குப் படிகள் உண்டு, அவை அவசியமானவை. தேவசமுகத்தில் நிற்கும் முறைக்கோ அந்தப் படிகள் கணக்கில் வரவில்லை.

அவள் அங்கேயே தங்கிப் படிக்கிறாள். எளிய ஞானப்பாட்டுகளைக் குறிப்பைப் பார்த்தே வாசிக்கத் தொடங்கியிருப்பதாகத் தாயார் கூறினார்.

பெற்றோரே, விடுமுறையில் வரும் பிள்ளையிடம், "எந்த வகுப்பில் போட்டார்கள்?" என்று கேட்குமுன், "இந்த வாரம் என்ன கற்றாய்?" என்று கேளுங்கள். பாடகர் குழுவினரே, டோனிக் சொல்ஃபா அறிந்தவர்கள் செவிவழியே பாடும் மூத்தோரை அற்பமாய் எண்ணவேண்டாம். மூத்தோரும் இளையவர்களிடம் கற்கத் தயங்கவேண்டாம். வரும் மாதம் முதல் தனிப்பாடல் முறையை நாமும் சீட்டுப்போட்டே தீர்மானிப்போம்.

கற்கும் தாழ்மையையும், கற்றபின் பெருமை கொள்ளாத இருதயத்தையும் கர்த்தர் நமக்கு அருளுவாராக. ஆமென்.