கையில் நிற்பது

சி மொழியில் 1 முதல் 20 வரை வரிசையாகப் பெருக்கினால் 2432902008176640000 என்று சரியான விடை வரும். அத்துடன் 21ஐயும் பெருக்கினால் விடை தப்பு. கழித்தல் குறி இல்லாத 64 பிட் எண்ணில் கொள்ளும் அதிகபட்சம் 18446744073709551615. அதைத் தாண்டினால் கணினி வழிந்ததைக் கொட்டிவிட்டு மிச்சத்தைத் தரும். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது.

அதற்காக, எத்தனை இலக்கமானாலும் பெருக்கும் ஒரு நிரலை எழுதினேன். 1991 முதல் ஜிஎம்பி என்ற இலவசத் தொகுப்பு இருக்கிறதே என்பீர்கள். அவசர வேலைக்கு அதுதான் சரி. எனக்கோ உள்ளே நடப்பது தெரிய வேண்டும்.

வழி பழையதுதான். புதுச்சேரியில் எங்கள் பிரெஞ்சு வகுப்பில், "2 எழுதுகிறேன், 1ஐ நிறுத்திக்கொள்கிறேன்" என்று பிரெஞ்சில் உரக்கச் சொல்லியபடியே பெருக்குவோம். கையில் நிறுத்தும் அந்த எண்ணுக்கு 'ரெத்தெனு' என்று பெயர். பள்ளி விட்ட பிறகு பையனை நிறுத்திவைக்கும் தண்டனைக்கும் அதே பெயர்!

பெரிய எண்ணை வலப்பக்கத்திலிருந்து ஒன்பது ஒன்பது இலக்கமாகக் கட்டு கட்ட வேண்டும். இரு கட்டுகளைப் பெருக்கி, அந்த இடத்தில் ஏற்கெனவே உள்ளதையும் கையில் நிற்பதையும் கூட்டினாலும் 18 இலக்கம் தாண்டாது. 64 பிட்டில் அடங்கிவிடும். அதை 100 கோடியால் வகுத்தால், மீதி அங்கேயே தங்கும். ஈவு அடுத்த கட்டுக்குப் போகும்.

விடை சரியா என்று எப்படிப் பார்ப்பது? பள்ளியில் கற்ற ஒன்பது சோதனை உண்டு: இலக்கங்களைக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கி ஒப்பிடுவது. ஆனால் 63ஐ 36 என்று எழுதினால் அது கண்டுபிடிக்காது. கணக்குப் பேரேடு பார்த்த குமாஸ்தாக்களுக்கு இது தெரியும். இங்கே இன்னொரு பள்ளமும் உண்டு. நடுவில் உள்ள கட்டு 000000042 என்றால், சொல்லிவைக்காவிட்டால் கணினி 42 என்று மட்டும் அச்சிடும். ஏழு பூஜ்யம் போனாலும் ஒன்பது சோதனை தேறிவிடும்!

ஆகவே 11ஆலும் சோதிக்க வேண்டும். இலக்கங்களையும் எண்ண வேண்டும். 1 முதல் 1000 வரை பெருக்கினால் 2568 இலக்கங்கள், கடைசியில் 249 பூஜ்யங்கள். 249 என்பது காகிதத்திலேயே தெரியும்: 5இன் மடங்குகள் 200, 25க்கு 40, 125க்கு 8, 625க்கு 1.

என் திரையிலும் 249 வந்தது. இரண்டு முறை எண்ணினேன்.