பீக்கன் லைட்டை அணைச்சியாடா?

என் தம்பி தினமும் ராத்திரி பத்தரை மணிக்கு மேல் சென்னையிலிருந்து மதுரைக்கு விமானம் ஓட்டுவான். காலையில் எழுந்து, மின்சார ரயிலைப் பிடித்து, பரனூரில் இறங்கி மஹிந்திரா சிட்டிக்கு வேலைக்குப் போவான். நடுவில் அவன் தூங்குவது ஐந்து மணி நேரம் இருந்தால் அதிகம்.

நிஜ விமானம் இல்லை. ஊரப்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஹாலில், பீரோவுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில் சொருகி வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் ஓடுகிற ஏர்பஸ் ஏ320 நியோ. மாதத் தவணையில் வாங்கிய கம்ப்யூட்டர். "கரன்ட் பில்லு யாரு கட்டுறது?" என்று அம்மா கேட்கும்போதெல்லாம், இலவச 100 யூனிட்டை நினைவுபடுத்துவான். அது ஃப்ரிட்ஜுக்கே பத்தாது என்பது அம்மாவின் கணக்கு.

"கேம்" என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். "சிமுலேட்டர்க்கா!" என்பான். எனக்கு ரொம்ப நாள் வித்தியாசம் புரியவில்லை. கேம் என்றால் ஸ்டார்ட் பட்டனை அழுத்தியதும் ஏதாவது நடக்க வேண்டுமே? இவன் விமானத்தில் முதல் 25 நிமிடத்துக்கு ஒன்றுமே நடக்காது. பேட்டரி போடுவான், திசை காட்டும் கருவிகள் தயாராகும் வரை காத்திருப்பான், எரிபொருள் கணக்குப் போடுவான், பாதையை ஒவ்வொரு புள்ளியாகத் தட்டச்சு செய்வான். பார்க்கிற நமக்குக் கொட்டாவி வந்துவிடும்.

ஒருநாள் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினான். "கேளு." விமானத்தின் அடிவயிற்றிலிருந்து நாய் குரைக்கிற மாதிரி, ரம்பத்தால் மரம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். ஏ320-ல் போனவர்கள் இதைக் கேட்டிருப்பீர்கள். விமானத்தைப் பின்னால் தள்ளிக்கொண்டு போகும்போது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகிற நேரத்தில் வரும். முதல் தடவை கேட்கிறவர்கள் பக்கத்து சீட்காரர் முகத்தைப் பார்ப்பார்கள். பயப்பட ஒன்றும் இல்லை. ஏ320-ல் பச்சை, நீலம், மஞ்சள் என்று மூன்று ஹைட்ராலிக் அமைப்புகள் உண்டு. பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் பி.டி.யு. என்று ஒரு கருவி. ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் இன்னொரு பக்கத்தின் பலத்தை வைத்து அதை ஏற்றிக் கொடுக்கும். அது விட்டுவிட்டு ஓடுவதுதான் அந்தக் குரைப்பு.

இந்தச் சத்தம் இல்லாவிட்டாலும் கம்ப்யூட்டர் விமானம் பறக்கும். ஆனாலும் உட்கார்ந்து செய்திருக்கிறார்கள். தம்பி ஓட்டும் விமானத்தை உருவாக்கியது ஃப்ளைபைவயர் என்ற தன்னார்வலர் குழு. காசு வாங்காமல் தருகிறார்கள். அது ஓடுவது 2020 ஆகஸ்ட்டில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில். அதில் உலகம் முழுக்க இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களைக் கணினிக்குக் கொடுத்து, சுமார் 150 கோடி கட்டடங்களை அதுவாகவே எழுப்ப வைத்தார்கள். கூத்துகளும் நடந்தன. மெல்போர்னில், இணைய வரைபடத்தில் 2 மாடி என்பதற்குப் பதில் யாரோ 212 என்று தட்டிவிட, சாதாரண வீடுகளுக்கு நடுவே வானத்தை முட்டும் ஒல்லிக் கோபுரம் ஒன்று முளைத்தது. எங்கள் தெருவுக்கும் தம்பி பறந்து போய்ப் பார்த்தான். ஏரி இருந்தது. எங்கள் வீட்டுக்கு மட்டும் மொட்டை மாடிக்குப் பதில் சாய்வான ஓட்டுக்கூரை. சின்டெக்ஸ் டேங்க்கும் இல்லை. அம்மாவுக்கு அதில் வருத்தம்.

நிஜம் மாதிரி இருக்க வேண்டும் என்ற இந்த வெறி புதிது இல்லை. அமெரிக்காவில் எட்வின் லிங்க் என்பவர், அப்பாவின் ஆர்கன் தொழிற்சாலையில் இருந்த காற்றுத் துருத்திகளை வைத்தே, 1929-ல் ஆடி அசைகிற ஒரு பயிற்சி விமானத்தைச் செய்தார். முதலில் அதைப் பொருட்காட்சி ராட்டினம் மாதிரிதான் பார்த்தார்கள். 1934-ல் அந்நாட்டு ராணுவ விமானிகளிடம் தபால் கொண்டுபோகும் வேலையைக் கொடுக்க, பனியிலும் இருட்டிலும் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ராணுவம் லிங்க்கிடம் வந்தது. இன்றைக்கு விமான கம்பெனி பைலட்டுகள் குறிப்பிட்ட இடைவெளியில் சிமுலேட்டரில் ஏறி, இன்ஜின் அணைந்தால் என்ன செய்வார்கள் என்று காட்டித் தேர்வாக வேண்டும். தம்பியின் கம்ப்யூட்டர் அதற்குத் தூரத்துச் சொந்தம்.

இதையெல்லாம் அவன் என்னிடம்தான் சொல்வான். அப்பாவிடம் சொல்ல மாட்டான்.

காரணம் இருக்கிறது. அப்பா 19 வருடம் சென்னை விமான நிலையத்தில் லோடர். ஒப்பந்த வேலை. விடியற்காலை ஷிஃப்ட் என்றால் ஊரப்பாக்கத்தில் முதல் ரயிலைப் பிடித்து ஏழாவது ஸ்டேஷனான திரிசூலத்தில் இறங்குவார். 2019-ல் ப்ளஸ் டூ முடித்த தம்பி, பைலட் ஆகணும் என்றான். லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அரைக் கோடிக்கு மேல் ஆகும். அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றார். ஆத்திரத்தில் தம்பி, "உனக்கு ஃப்ளைட்டைப் பத்தி என்ன தெரியும்? பெட்டி தூக்குறது தவிர" என்று கேட்டுவிட்டான்.

அப்பா எதுவும் சொல்லவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டார். 2020 மார்ச்சில் ஊரடங்கில் விமானங்கள் நின்றன. இரண்டு மாதம் கழித்து விமானங்கள் திரும்ப வந்தன. அப்பாவைத் திரும்பக் கூப்பிடவில்லை. முதுகுவலியோடு இப்போது ஒரு அபார்ட்மென்ட்டில் செக்யூரிட்டி. இருவரும் பேசிக்கொள்ளாமல் இல்லை. "சாப்டியா", "கேட்டைப் பூட்டு" அளவுக்குப் பேசினார்கள்.

போன மார்கழியில் ஒரு ராத்திரி. அந்த மாதங்களில் காற்று கிழக்கிலிருந்து வருவதால், எங்கள் மாடியிலிருந்து வடக்கே பார்த்தால் தூரத்தில் விமான விளக்குகள் வரிசையாக இறங்குவது தெரியும். நிகழ்நேர வானிலையைப் போட்டுக்கொண்டு தம்பியும் அதே 07 ஓடுபாதையில் இறங்கினான். 07 என்றால் திசைகாட்டியில் 70 டிகிரி. இறங்கி, ஓடி, நிறுத்துமிடத்துக்கு வந்து, இரண்டு இன்ஜினையும் அணைத்துவிட்டு, தண்ணீர் குடிக்க எழுந்தான்.

டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா, திரையைப் பார்த்தபடியே நின்றார்.

"லைட்டை அணைக்கலையே?"

"எந்த லைட்டு?"

"மேலயும் வயித்துலயும் சிவப்பா மின்னுது பாரு. பீக்கன். அது எரிஞ்சா இன்ஜின் ஓடுதுன்னு அர்த்தம். அது அணையற வரைக்கும் லோடர் எவனும் கிட்ட போகக் கூடாது. இன்ஜின் ஆளையே உள்ள இழுத்துரும். நீ பாட்டுக்கு தண்ணி குடிக்கப் போயிட்ட. மே மாச வெயில்ல அங்க நாலு பேரு நின்னுட்டிருப்பான்."

தம்பி டம்ளரை வைத்துவிட்டு வந்து சுவிட்சை அணைத்தான். பிறகு, ரொம்ப நாள் கழித்து, அப்பாவிடம் ஒரு கேள்வி கேட்டான். "அப்புறம் என்ன பண்ணுவீங்க?"

அன்றைக்கு அப்பா டியூட்டிக்கு அரை மணி நேரம் தாமதமாகப் போனார். சக்கரத்துக்குக் கட்டை வைப்பதிலிருந்து ஆரம்பித்தார். ஏ320-ன் சாமான் அறைக்கு நாலடி உயரம்தான். உள்ளே நிற்க முடியாது. முட்டி போட்டு நகர்ந்து, வருகிற பெட்டியைக் கடைசி வரை தள்ளி அடுக்க வேண்டும். ஆளுக்கு 15 கிலோ என்றாலும் 180 பேருக்கு 2,700 கிலோ. இறக்குவது, பிறகு அடுத்த சாமான்களை ஏற்றுவது, எல்லாம் அரை மணி சொச்சத்தில். முன் அறையில் இவ்வளவு, பின் அறையில் இவ்வளவு என்று தாளில் எழுதி வரும். இடம் மாற்றிப் போட்டால் விமானத்தின் எடை மையம் நகர்ந்துவிடும், பைலட் போட்ட கணக்கு தப்பாகிவிடும்.

தம்பியின் திரையில் இதற்கும் ஒரு டேப்லெட் இருக்கிறது. பயணிகளையும் சாமானையும் ஏற்ற மூன்று வேகங்கள்: உடனடி, வேகம், நிஜ நேரம். அவன் எப்போதும் 'உடனடி'தான். விரல் வைத்தால் சாமான் முழுக்க ஏறிவிடும். அப்பா அதைப் பார்த்துச் சிரித்தார். "இது எங்களுக்கு இருந்திருந்தா எனக்கு முதுகு இருந்திருக்கும்."

எனக்குச் சுருக்கென்றது அங்கேதான். காக்பிட்டில் ஒரு சுவிட்சைத் திருப்பினால் வருகிற 'டக்' சத்தத்தைக்கூட ஒலிப்பதிவு செய்து சேர்க்கிறார்கள். பி.டி.யு. குரைக்கிறது. கீழே முட்டி போட்டிருக்கும் ஆளுக்கு ஒரு எண் மட்டும்தான், 2,700 என்று. குறை சொல்லவில்லை, பைலட் சீட்டிலிருந்து பார்த்தால் நிஜத்திலும் அப்படித்தானே தெரியும்? டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்து 'சென்னையில் விமானங்கள் தாமதம், பயணிகள் அவதி' என்று நானும் எத்தனையோ தடவை தலைப்பு வைத்திருக்கிறேன். வெளியே வெயிலில் யார் நின்றார்கள் என்று ஒரு வரி எழுதியதில்லை.

"நீ எத்தனை தடவை ஃப்ளைட்ல போயிருக்கப்பா?" என்று அன்றைக்குக் கேட்டேன்.

"தினமும் போயிருக்கேன். பறந்ததில்ல."

தம்பி மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் டேப்லெட்டில் வேகத்தை 'நிஜ நேரம்' என்று மாற்றி வைத்துவிட்டான். சாமான் ஏறி முடியும் வரை காத்திருக்கிறான். அந்த நேரத்தில் அப்பாவுக்கு வார விடுமுறை என்றால் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருகிறார். 2015 டிசம்பர் வெள்ளத்தில், இரண்டாவது ஓடுபாதைக்குக் கீழே ஓடும் அடையாறு மேலேறி விமானங்களின் சக்கரத்தை மூடியதை மூன்று முறை சொல்லிவிட்டார். தம்பி மூன்று முறையும் புதிதாகக் கேட்கிற மாதிரியே கேட்டான்.

பங்குனியில் அப்பாவுக்குப் பிறந்தநாள் வருகிறது. மதுரைக்கு மூன்று டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறோம், நானும் தம்பியும் பாதிப் பாதி. அம்மா வர மாட்டேன் என்கிறாள். தம்பிக்கு ஒரே கவலை, இறக்கைக்குப் பின்னால் சீட் கிடைக்குமா என்பது. நேற்று ராத்திரி இறங்கியதும் அவன் இன்ஜினை அணைத்தான், பீக்கனை அணைத்தான், திரும்பி அப்பாவைப் பார்த்தான்.

அப்பா டி.வி.யில் செய்தி பார்த்துக்கொண்டே, "ம்... கட்டை வெச்சாச்சு, கதவைத் திற" என்றார்.