சுவரில் ஓட்டை போடாமல் ஒரு ரீவி

எங்கட ஊர் வீடுகளில் இன்ரநெட் முன் ஹோலுக்குள்தான் வந்து இறங்கும். ஃபைபர் வயர், ரூட்டர் எல்லாம் அங்கேதான். ரீவியை அதிகம் பார்க்கிற ஆளோ பின் அறையில் இருப்பார். எங்கட வீட்டில் அது அம்மம்மா. முழங்கால் ஏலாமல் போனபிறகு அவவால் ஹோலுக்கு வந்து இருக்க முடியாது.

இணைப்புத் தர வந்த பெடியன் சுலபமாகச் சொன்னான்: "ரெண்டு சுவரில ஓட்டை போட்டுக் கேபிளை இழுப்பம்." அம்மம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டா. 1995 ஒக்டோபரில் விட்டுவிட்டுப் போய், திரும்பி வந்து பார்த்தபோது கூரையும் இல்லை, சுவரெல்லாம் ஷெல் துளை. ஒவ்வொன்றாகச் சீமெந்து வைத்து அடைத்தது அவவும் அம்மப்பாவும்தான். ஆணி அடிக்கவே விடாதவ, துளைக்க விடுவாவோ?

நாங்களும் தம்பியும் முதலில் வைஃபையில் முயன்றோம். யூடியூப் ஓடியது, செய்திச் சனல் மட்டும் உறைந்து உறைந்து நின்றது. காரணம் பிறகுதான் விளங்கியது. யூடியூப் கொஞ்சத்தை முன்கூட்டியே சேமிக்கும், தவறிய துண்டைத் திரும்பக் கேட்டு வாங்கும். ஐபிரீவியின் நேரடிச் சனல்கள் பெரும்பாலும் 'மல்ரிகாஸ்ட்' முறையில் வரும். ஒரே சிக்னல் எல்லாருக்கும் பொதுவாகப் போகும். வைஃபையில் அப்படிப் போவது வந்து சேர்ந்ததோ என்று ரூட்டர் பார்ப்பதில்லை, விழுந்தது விழுந்ததுதான். அதோடு எங்கட வீட்டுச் சுவர் தடித்த சுண்ணாம்புக்கல்.

கடைசியில் கைகொடுத்தது பவர்லைன் அடப்டர். சோடியாகத்தான் வரும். ஒன்றை ரூட்டருக்குப் பக்கத்து பிளக்கிலும் மற்றதைப் பின் அறை பிளக்கிலும் குத்தி, சின்ன லான் வயரால் ஒன்றை ரூட்டருக்கும் மற்றதை செட் டொப் பொக்ஸுக்கும் கொடுக்கவேண்டும். வீட்டுக் கரண்ட் வயரிலேயே டேட்டா போகும். கரண்ட் 50 ஹேர்ட்ஸில் ஓட, டேட்டா 2 மெகாஹேர்ட்ஸுக்கு மேலே ஓடுவதால் இரண்டும் மோதாது.

வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விசயங்கள். பெட்டியில் 500, 600 மெகாபிட்ஸ் என்று போட்டிருக்கும். கையில் கிடைப்பது அதில் கொஞ்சம்தான். ஆனால் ஒரு எச்டி சனலுக்குப் 10 மெகாபிட்ஸ் அளவே காணும். சேர்ஜ் புரடெக்டர் உள்ள எக்ஸ்டென்ஷனில் குத்தாதீங்கோ, அது சிக்னலை விழுங்கிவிடும். நேரே சுவர் பிளக்கில் குத்துங்கோ. மூன்று பேஸ் வீட்டில் இரண்டு பிளக்கும் வேறுவேறு பேஸில் இருந்தால் பலவீனமாகும். பெயாரிங் பட்டனை அழுத்தி இரண்டையும் சோடி சேர்த்துவிட்டால் அயல்வீட்டு அடப்டர் உள்ளே வராது. எங்கட வீட்டில் தண்ணி மோட்டர் போட்டால் படம் ஒருக்கா உடையும். அம்மம்மா அதற்கும் பழகிவிட்டா: "ஆரோ மோட்டர் போட்டிட்டாங்கள்" என்பா.

நல்லூர்த் திருவிழா நேரலை இப்ப அந்த அறையில்தான். நாங்களும் ஹோலை விட்டிட்டு அவவின்ர கட்டிலிலேயே குந்தியிருந்து பார்க்கிறோம். ஒவ்வொரு வீட்டு வயரிங்கும் வேறு என்பதால், சரிவராவிட்டால் திருப்பி எடுப்பினமோ என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கோ.